தக்கையும் நிரப்பியும் (துப்பாக்கித் தோட்டா)

தக்கை, நிரப்பி என்பன துப்பாக்கித் தோட்டாவுக்குள் மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வைக்கப்படும் பொருள்கள். அட்டை, கம்பளி, கார்க் போன்றவற்றால் வட்டமாக வெட்டப்பட்டுக் குழலை அடைத்து நிற்பது தக்கை. பஞ்சு, செயற்கை இழை, தானியக் குருணை போன்று தோட்டாக் கூட்டின் வெற்றிடத்தை நிறைப்பது நிரப்பி. ரைபிள் தோட்டாவில் வழக்கமான அளவைவிடக் குறைவாக மருந்து இடும்போது கூட்டுக்குள் வெற்றிடம் ஏற்படுகிறது. அந்த வெற்றிடத்தைச் சமாளிக்கவே இவை பயன்படுகின்றன.

பார்வைக்கு ஒரு சிட்டிகைப் பஞ்சு எடையற்றதாகத் தோன்றினாலும், தோட்டா வெடிக்கும் நொடியில் அதுவும் குண்டோடு சேர்ந்து தள்ளப்படும் ஒரு பொருளே. எனவே இதை வெறும் அடைப்பான் என்று கருதாமல் தோட்டாவின் ஓர் உறுப்பு என்றே துப்பாக்கித் துறையினர் கருதுகின்றனர். தவறாக வைக்கப்பட்ட தக்கை குழலை வீங்கச் செய்யும். சில வேளை உடைக்கவும் செய்யும். இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும்.

பெயர்கள்

தமிழில் 'தக்கை' என்னும் சொல் துளையை அடைக்கும் பொருளைக் குறிக்கும். புட்டித் தக்கை, தூண்டில் தக்கை என்று பிற இடங்களிலும் இது வழங்குகிறது. பேச்சு வழக்கில் 'தோட்டா' என்பது மருந்து, கேப், குண்டு அனைத்தும் அடங்கிய முழுப் பொருளைக் குறிக்கும். குழலை விட்டு வெளியே செல்வது 'குண்டு'. சுட்டபின் எஞ்சும் பித்தளைப் பகுதி 'கூடு' அல்லது 'காலித் தோட்டா'. கூட்டின் அடியில் பொருந்தி, சுத்தியல் தட்டியதும் தீப்பொறி தருவது 'கேப்'.

'ரவை' என்னும் சொல்லில் சற்றுக் கவனம் தேவை. பழைய வழக்கில் அது சிறு ஈயக் குண்டுகளைக் குறித்தது. இலங்கைத் தமிழில் இன்றும் தோட்டாவையும் குண்டையும் குறிக்கிறது. மேலைநாடுகளில் சிலர் சமையல் ரவையையே தோட்டாவில் நிரப்பியாகப் பயன்படுத்துவதால், இக்கட்டுரையில் அது 'தானியக் குருணை' என்றே குறிப்பிடப்படுகிறது.

வெற்றிடம் எப்படி வந்தது

கரிமருந்து வழங்கிய காலத்தில் தோட்டாவுக்குள் வெற்றிடம் என்ற சிக்கலே இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கரிமருந்து ஆற்றல் குறைந்தது. வேண்டிய வேகம் கிடைக்கக் கூடு முழுவதும் மருந்து நிரப்ப வேண்டியிருந்தது. குண்டு மருந்தின்மேல் நேராக அமர்ந்தது.

1846-இல் கிறிஸ்டியன் சோன்பைன் பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் தோய்த்து வெடிப்பஞ்சு செய்யும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து புகையற்ற மருந்துகள் பிறந்தன. பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட 'கார்டைட்' என்பது நைட்ரோகிளிசரின், வெடிப்பஞ்சு, பெட்ரோலிய மெழுகு மூன்றும் சேர்ந்த கலவை. அது கயிறு போலப் பிழியப்பட்டு, வைக்கோல் கற்றை போல அடுக்கப்பட்டுக் கூட்டுக்குள் செருகப்பட்டது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை 1903-இல் இதற்காகவே நிறுவப்பட்டது. இன்றும் அது படைக்கலங்களுக்கான உந்துமருந்துகளைத் தயாரித்து வருகிறது.

புகையற்ற மருந்து அதே எடைக்குக் கரிமருந்தைவிடப் பலமடங்கு வலிமை உடையது. ஆனால் துப்பாக்கிகளும் கூடுகளும் பழைய பெரிய அளவிலேயே தொடர்ந்தன. 1898-இல் லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜான் ரிக்பி வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா, கரிமருந்துக் காலத்து .450 கூட்டையே அடிப்படையாகக் கொண்டது. பெரிய கூட்டில் குறைந்த மருந்து இட்டபோது மீதி இடம் காலியாக நின்றது. இந்த இடத்தை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழுந்தது. தொழிற்சாலைகள் கார்டைட் கற்றையின்மேல் அட்டைத் தக்கை வைத்து அதைத் தீர்த்தன. படைக்குரிய .303 தோட்டாவிலும் கார்டைட்டுக்கும் குண்டுக்கும் இடையே மெழுகிய அட்டை வட்டம் ஒன்று இருந்தது.

இவை தொழிற்சாலையில் அழுத்தம் அளந்து முடிவு செய்யப்பட்ட ஏற்பாடுகள். வீட்டில் கையால் தோட்டா நிரப்புவோர் இதைப் பார்த்துத் தாங்களும் செய்யத் தொடங்கியபோதுதான் விபத்துகள் பெருகின.

மருந்தைக் குறைப்பதற்கான காரணங்கள்

கையால் தோட்டா நிரப்பும் வழக்கம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், மருந்தைக் குறைத்து இடுவதற்குப் பல காரணங்கள் உள்ளன.

- தோளில் ஏற்படும் உதையைக் குறைத்துப் பயிற்சி பெறுதல்
- நூறாண்டு பழைய குழலை முழு அழுத்தத்துக்கு உட்படுத்தாமல் பாதுகாத்தல்
- வேகத்தால் உருகித் தேயக்கூடிய ஈயக் குண்டைப் பயன்படுத்துதல்
- குறுகிய தொலைவில் இலக்குச் சுடுதல்
- மருந்துச் செலவைக் குறைத்தல்

பிரித்தானியப் படையும் .303 ரைபிளுக்குக் குறுந்தூரப் பயிற்சித் தோட்டாக்களைத் தனியே வைத்திருந்தது.

வெற்றிடம் ஏன் சிக்கலாகிறது

புகையற்ற மருந்தின் எரியும் வேகம் நிலையானதன்று. அழுத்தம் கூடினால் வேகமும் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் மேலும் ஏறும். சிவகாசி வட்டாரத்தில் இதை விளக்கத் தனி எடுத்துக்காட்டு தேவையில்லை. திறந்த தரையில் தூவிய பட்டாசு மருந்து புசுபுசுவென்று எரிந்து அடங்கும். அதே மருந்தைக் காகிதத்தில் அடைத்துச் சணல் நூலால் இறுகச் சுற்றினால் அணுகுண்டு வெடியாகிறது. இரண்டிலும் மருந்து ஒன்றே. அடைப்பின் இறுக்கமே வேறு.

தோட்டாக் கூட்டில் மூன்றில் ஒரு பங்கு மருந்து இருப்பதாகக் கொள்வோம். துப்பாக்கியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் மருந்து கூட்டின் அடிப்புறத்தில் நீளவாக்கில் படியும். குழலை முதலில் தாழ்த்திப் பின் நிமிர்த்தினால் மருந்து முன்னே ஓடிக் குண்டின் அருகே குவியும். மேல்நோக்கிப் பிடித்துத் தாழ்த்தினால் கேப்பின் அருகே குவியும். கேப்பின் தீ மருந்தை அடையும் விதம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் அழுத்தமும் குண்டின் வேகமும் மாறுகின்றன. ஒரே பெட்டியில் உள்ள இரு தோட்டாக்கள் இலக்கில் வேறு வேறு உயரத்தில் படும். சில வேளை மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

மருந்தைக் கேப்பின் அருகே நிறுத்தி வைத்தால் இச்சிக்கல் தீரும் என்பதே நிரப்பிக்குப் பின்னுள்ள எண்ணம். எண்ணம் சரியானதே. அதைச் செயற்படுத்தும் முறையில்தான் ஆபத்து அடங்கியுள்ளது.

வகைகள்

தக்கை

சிதறுகுண்டுத் துப்பாக்கி எனப்படும் 12 போர் போன்றவற்றில் தக்கை இன்றியமையாதது. அங்கே மருந்துக்கும் சிறு ஈயக் குண்டுகளுக்கும் இடையே அது உந்துதட்டாக வேலை செய்கிறது; வாயு குண்டுகளுக்கிடையே கசியாமல் தடுக்கிறது. முன்பு கம்பளி, கார்க், அட்டை ஆகியவற்றால் செய்யப்பட்டது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கிண்ணமாக வருகிறது. அங்கே மருந்து, தக்கை, குண்டுகள் மூன்றும் இடைவெளி இன்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

வாய்வழியே மருந்திடும் நாட்டுத் துப்பாக்கியிலும் இதே முறைதான். மருந்தைக் கொட்டி, தேங்காய் நார், பழந்துணி, காகிதம் ஆகியவற்றில் ஒன்றைக் கம்பியால் திணித்து, அதன்மேல் 'பால்ரஸ்' எனப்படும் இரும்புக் குண்டுகளை இட்டு, மீண்டும் நாரைத் திணிப்பர். திணிப்பு மருந்தின்மேல் அழுந்தி அமராமல் நடுவில் நின்றுவிட்டால் குழல் அந்த இடத்தில் பிளக்கும். இத்துப்பாக்கியைக் கையாண்ட முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்த இவ்விதி ரைபிள் தோட்டாவுக்கும் அப்படியே பொருந்தும்.

ரைபிள் தோட்டாவில் குறைந்த மருந்தின்மேல் கெட்டியான தக்கையை அழுத்திவிட்டு, தக்கைக்கும் குண்டுக்கும் இடையே காற்றிடைவெளி விடுவதே அனைத்திலும் ஆபத்தான முறை. இதன் விளைவு 'வளைய வீக்கம்' என்னும் பகுதியில் விளக்கப்படுகிறது.

பஞ்சும் இழையும்

எடை குறைந்த இழைத் துணுக்கை உதிர்த்து, மருந்துக்கும் குண்டுக்கும் இடையே உள்ள இடம் முழுவதும் தளர்வாகப் பரவும்படி வைப்பது இரண்டாவது வகை. இதற்கு இலவம்பஞ்சு, பருத்திப்பஞ்சு, தலையணைகளில் அடைக்கப்படும் பாலியெஸ்டர் இழை ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன.

இவற்றில் இரண்டு ராஜபாளையம் வட்டாரத்துக்குப் பழக்கமானவை. மலையடிவாரத் தோப்புகளில் மாமரம், தென்னையோடு இலவமும் வளர்கிறது. கோடையில் காய் வெடிக்கும் காலத்தில் பஞ்சு பிரித்தெடுக்கப்பட்டு மெத்தைக்கும் தலையணைக்கும் செல்கிறது. பருத்தியோ இந்நகரின் தொழில் முகம். 1936-இல் தொடங்கப்பட்ட ராஜபாளையம் மில்ஸ் முதலாகப் பல நூற்பாலைகள் இங்கு உருவாயின. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது.

மூன்று இழைகளும் ஒன்றல்ல. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாகவும் மேலே மெழுகுப் பூச்சுடனும் இருப்பதால் மிக இலேசானது, நீரை ஏற்காதது. அதனால்தான் மிதவை அங்கிகளில் அடைக்கப்பட்டது. ஆனால் தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். மருத்துவப் பருத்தி இதற்கு நேர்மாறு. ஈரத்தை உறிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அதன் இயற்கை மெழுகு வெளுப்பின்போது நீக்கப்படுகிறது. காயத்துக்கு நல்லதான அதே பண்பு தோட்டாவுக்குக் கேடு. மழைக்காலத்தில் உறிஞ்சிய ஈரத்தை அது மருந்தின்மேல் வைத்துக்கொண்டிருக்கும். பாலியெஸ்டர் ஈரம் ஏற்காது. ஆனால் எரிவதற்குப் பதில் உருகும் தன்மை உடையதால் குழலுக்குள் படிவு விடக்கூடும்.

எந்த இழையாயினும் நாளடைவில் நகரும், நசுங்கும். மாட்டுவண்டியிலோ சீருந்திலோ குலுங்கிய தோட்டாவில், பரவி இருக்க வேண்டிய பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கி உருண்டையாகிவிட்டால் அது நிரப்பி என்ற நிலையை இழந்து, காற்றிடைவெளியோடு கூடிய தக்கையாக மாறிவிடுகிறது.

தானியக் குருணையும் பிளாஸ்டிக் மணியும்

சோளக் குருணை, கோதுமைக் குருணை, நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் போன்றவற்றால் மீதி இடத்தை முழுவதுமாக நிரப்புவது மூன்றாவது வகை. இடைவெளி இல்லாமல் போவதும், ஈயக் குண்டின் அடிப்பகுதி சூடான வாயுவால் உருகாமல் காக்கப்படுவதும் இதன் நன்மைகள்.

குறைகள் அவற்றைவிடப் பெரியவை. முதலாவது எடை. குண்டு 20 கிராம், குருணை 1 கிராம் என்றால் மருந்து தள்ள வேண்டியது 21 கிராம். அதற்கேற்ப அழுத்தம் ஏறும். இரண்டாவது, கழுத்துச் சுருங்கிய கூடு. .303, .315 போன்ற ரைபிள் தோட்டாக்கள் புட்டி வடிவில் கழுத்துக் குறுகியவை. அகன்ற பகுதியிலிருந்து குருணை முழுவதும் ஒரே நொடியில் குறுகிய கழுத்துக்குள் நெருக்கப்படும்போது, நெல் கொட்டும் பெட்டியின் வாய் அடைத்துக்கொள்வது போலக் கெட்டிப்பட்டு அடைப்பாகிவிடும். மூன்றாவது, தானியம் காற்றின் ஈரத்தை ஏற்று இறுகும். நான்காவது, குலுக்கலில் மருந்தும் குருணையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வளைய வீக்கம்

குறைந்த மருந்துத் தோட்டாவால் துப்பாக்கிக்கு நேரும் தனித்தன்மையான சேதம் வளைய வீக்கம் ஆகும். தோட்டா அறையிலோ குழலின் தொடக்கத்திலோ, குண்டின் அடிப்பகுதி நின்ற இடத்துக்கு நேராக உலோகம் மோதிரம் போல உட்புறம் விரிந்து நிற்கும்.

இது ஏற்படும் விதம் பின்வருமாறு விளக்கப்படுகிறது. மருந்து பற்றியதும், அதன்மேல் உள்ள இலேசான தக்கை காலியிடத்தின் வழியே மிகுந்த வேகத்தில் முன்னே பாய்கிறது. எடை மிகுந்த குண்டு இன்னும் அசையத் தொடங்கவில்லை. தக்கை குண்டின் அடியில் மோதித் திடீரென நிற்கிறது. பாய்ந்து வந்த அதன் ஆற்றல் முழுவதும் அந்த ஒரே இடத்தில் பக்கவாட்டில் செலுத்தப்படுகிறது. கூடு முழுவதும் உள்ள அழுத்தம் குறைவாக இருந்தாலும், அந்தச் சிறு வளையத்தில் மட்டும் உலோகம் தாங்கக்கூடிய அளவை அது கடந்துவிடுகிறது. தண்ணீர்க் குழாயைச் சட்டென்று அடைக்கும்போது குழாய் அதிர்வதை இதற்கு ஒப்பிடலாம்.

இச்சேதம் ஒரே தோட்டாவில் நிகழலாம். பல தோட்டாக்களில் சிறிது சிறிதாகவும் சேரலாம். சுட்டவருக்கு ஓசையிலோ உதையிலோ வேறுபாடு தெரியாமல் போகலாம் என்பதே இதன் கொடுமை. மெல்லிய மருந்து, மெல்லிய உதை, இலக்கில் நல்ல குழு என்று எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். பின்வரும் அறிகுறிகளால் அதை அறியலாம்.

- சுட்ட கூடு அறையிலிருந்து எளிதாக வெளிவராமல் சிக்குதல்
- வெளிவந்த கூட்டின்மேல் கழுத்துக்கு அருகே புதிதாக ஒரு மேடான வளையம் தெரிதல்
- குழலுள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும்போது இருண்ட அல்லது மின்னும் வட்டம் தெரிதல்
- துடைக்கும் துணி குழலின் ஓரிடத்தில் தளர்ந்து செல்லுதல்

இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அத்துப்பாக்கியைச் சுடாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் காட்ட வேண்டும். விரிந்த உலோகத்தைத் தட்டிச் சரிசெய்ய இயலாது. பெரும்பாலும் குழலை மாற்றுவது ஒன்றே வழி.

பிற ஆபத்துகள்

இரட்டை மருந்து: குறைந்த மருந்து கூட்டில் பாதிக்கும் கீழே நிற்பதால், கவனம் சிதறி இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது. பஞ்சை வைத்து மூடியபின் அதைக் கண்ணால் காணவும் முடியாது. நிரப்பி பயன்படுத்துவதில் உள்ள மறைவான தீமை இது.

மெதுவாக எரியும் மருந்து: பெரிய கூடுகளுக்கென உருவாக்கப்பட்ட மெதுமருந்துகளை மிகவும் குறைத்து இட்டபோது துப்பாக்கிகள் உடைந்துள்ளன. இதன் காரணம் குறித்து வல்லுநரிடையே ஒத்த கருத்து இல்லை. எனினும் மருந்து தயாரிப்போர் இவ்வகை மருந்துகளுக்குக் குறைந்தபட்ச அளவை வெளியிட்டு, அதற்குக் கீழே செல்லக் கூடாது என்று எச்சரிக்கின்றனர்.

வெப்பம்: கார்டைட்டின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். குளிர்நாட்டில் சரியாக இருந்த நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்கள் இந்தியக் கோடையில் அறைக்குள் இறுகிச் சிக்கின. அதனால் இந்தியாவுக்கென மருந்து குறைத்த 'வெப்பமண்டலத் தோட்டா' தயாரிக்கப்பட்டது. மருந்தைக் குறைக்கும் தேவை இந்த மண்ணின் வெயிலாலும் எழுந்தது.

தீ: குழலை விட்டு வெளியே வரும் பஞ்சு முழுவதும் எரிந்து முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கனலும் துணுக்கு காய்ந்த புல்லில் விழுந்தால் தீப்பற்றும். பங்குனி, சித்திரையில் காய்ந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளுக்கு இது சிறிய செய்தியன்று.

இந்தியாவில்

தென்பாண்டிப் பாளையக்காரர் படைகளில் நீண்ட ஈட்டிகளோடு திரித்துப்பாக்கிகளும் இருந்தன. 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், மேஜர் பானர்மன் பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. அதன்பின் ரைபிள் என்பது அதிகாரிகள், ஜமீன்தார்கள், தோட்ட முதலாளிகள் ஆகியோரின் உடைமையாகச் சுருங்கியது.

படையின் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதில் ஆங்கில அரசு கவனமாக இருந்தது. .450 அளவுத் தோட்டாக்கள் 1907-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. அதனால் .465, .470 போன்ற புதிய அளவுகள் பரவின. .303 படைக்குரியதாக ஒதுக்கப்பட்டது. இந்திய அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென .315 ரைபிளைத் தயாரிப்பதன் பின்னணியும் இதுவே.

குறைந்த வலிமைத் தோட்டாவை அரசே வேண்டிய நிகழ்வும் உண்டு. கலவரத்தை அடக்கும் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் நெடுந்தொலைவு பாயும் .303 ரைபிள் ஏற்றதாக இல்லை. வங்காளத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .303 ரைபிளின் குழலில் உள்ள மரையை நீக்கி அகலமாக்கி .410 மஸ்கட் என்னும் துப்பாக்கியாக மாற்றியது. .303 கூட்டின் சுருங்கிய கழுத்தை நேராக்கி அதற்கான தோட்டா உருவாக்கப்பட்டது. பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியில் மரக்கட்டை வைத்து அடைத்து, ஒவ்வொன்றாகவே சுடும்படி செய்யப்பட்டது. பழைய கூட்டில் மருந்தைக் குறைத்துப் பஞ்சை அடைப்பதற்குப் பதில், துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்தே மாற்றியமைத்தது இதன் சிறப்பு. பாதுகாப்பான வழி அதுவே.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

இவ்விரு நகரங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளன. வேட்டை இப்பகுதியின் பழைய வாழ்வில் ஒரு பகுதி. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்ட ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-இல் அஞ்சல்தலை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. 1988-இல் இம்மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாயிற்று.

இதனால் இங்கே துப்பாக்கி உரிமம் வைத்திருப்போருக்குப் பிற ஊர்களில் இல்லாத சில கடமைகள் உள்ளன. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, எழுத்து மூலமான முன் அனுமதி இன்றி எவரும் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் வசிக்கும் உரிமதாரர்கள் தம் பெயரை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் இசைவு தேவை. செண்பகத்தோப்பு போன்ற அடிவாரப் பகுதிகள் இந்த எல்லைக்குள் அடங்கும்.

தோட்டக் காவலுக்கெனத் தாத்தா காலத்தில் பெற்ற உரிமமும் துப்பாக்கியும் பேரன் பெயருக்கு மாறிவரும் குடும்பங்கள் இத்தகைய அடிவார ஊர்களில் உண்டு. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்பப் பெறுவதே அத்துப்பாக்கியின் பெரும்பாலான பயணமாகிவிட்டது. தோட்டா விலை கூடும்போதும் பழைய அளவுத் தோட்டா கிடைக்காதபோதும், 'காலித் தோட்டாவில் கொஞ்சம் மருந்து, கொஞ்சம் பஞ்சு' என்ற எண்ணம் எழக்கூடும். பட்டாசு மருந்து புழங்கும் சிவகாசியும், பஞ்சு புழங்கும் ராஜபாளையமும் அருகருகே இருப்பதால் அது எளிய செயலாகவும் தோன்றலாம். பட்டாசு மருந்து ரைபிளுக்கு உரியதன்று. ஒளிக்கும் ஓசைக்கும் கலக்கப்படும் அந்தக் கலவைகளை மூடிய எஃகு அறைக்குள் எரியவிட்டால், எழும் அழுத்தத்தை ரைபிளின் அடைப்பான் தாங்காது; அடைப்பானின் பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

சட்ட நிலை

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்பதன் விளக்கம் முழுத் தோட்டாவோடு நின்றுவிடுவதில்லை. தோட்டாவின் உறுப்புகளும் அதைத் தயாரிக்கும் கருவிகளும் அதில் அடங்கும். 5-ஆம் பிரிவு உரிமமின்றி அவற்றைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இக்குற்றத்துக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். துப்பாக்கியை வைத்திருக்க வழங்கிய உரிமம் தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. மருந்தை வைத்திருப்பது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழும் வரும்.

மாற்று வழிகள்

தோட்டா நிரப்புதல் அனுமதிக்கப்பட்ட நாடுகளிலும் இன்றைய பொதுவான அறிவுரை, நிரப்பி தேவைப்படாதபடி தோட்டாவை அமைப்பதே. இடத்தை அடைக்கும்படி பருமனாக, வளைய வடிவில் செய்யப்பட்ட இலேசான மருந்துகள் இதற்கென உருவாக்கப்பட்டுள்ளன. கூட்டின் பெரும்பகுதியை மருந்தே நிறைத்துக்கொள்வதால் பஞ்சுக்கும் இடமில்லை. இரட்டை மருந்து ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். நிரப்பி இட வேண்டிய இடங்களில், அந்த நிரப்பியோடு சேர்த்து அழுத்தம் அளந்து வெளியிடப்பட்ட அளவை மட்டுமே பின்பற்றுகின்றனர். ஒரு நிரப்பிக்குரிய அளவை வேறு நிரப்பிக்குப் பயன்படுத்துவதில்லை.

இந்தியாவில் உரிமதாரருக்கு உள்ள வழிகள் எளியவை. உரிமத்தில் குறித்த அளவுக்குரிய தொழிற்சாலைத் தோட்டாவை உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். உதை குறைந்த பயிற்சி வேண்டுவோர் துப்பாக்கிக் கழகங்களில் .22 ரைபிளையோ காற்றுத் துப்பாக்கியையோ பயன்படுத்தலாம். தோட்டா கிடைக்காத பழைய துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கலாம். வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய தோட்டாக்களைப் பிரித்துப் பார்ப்பதும், உள்ளிருக்கும் மருந்தை வேறொன்றில் மாற்றி நிரப்புவதும் கூடாது. அவற்றையும் துப்பாக்கியோடு சேர்த்து ஒப்படைப்பதே முறை.